சித்தப்பா ஊதிய பெனால்டி

எங்கள் சித்தப்பா வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்பதே பல நாள் தெரியாது. குழம்பில் உப்பு சரியா என்று கேட்டால்கூட முதலில் அப்பாவின் முகத்தைப் பார்ப்பார், பிறகு அம்மாவின் முகத்தைப் பார்ப்பார், எதற்கு வம்பு என்று தலையை மட்டும் ஆட்டிவைப்பார். அந்த ஆட்டலுக்கு உப்பு போதும் என்றும் பொருள் கொள்ளலாம், போதாது என்றும் கொள்ளலாம். வாயில்லாப் பூச்சி என்று அம்மா அவருக்குப் பெயர் வைத்திருந்தாள்.

அந்தப் பூச்சி காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு கம்பத்துக்கும் தேனிக்கும் நடுவே ஓடும் பேருந்தில் ஏறிவிட்டால் வேறு ஆளாகிவிடும். சித்தப்பா நடத்துநர். ஒரு விசில் ஊதினால் அத்தனை பெரிய வண்டி நிற்கும். இரண்டு விசில் ஊதினால் கிளம்பும். முகூர்த்த நாளில் படிக்கட்டு பிதுங்கி வழியும்போது, குரலை உயர்த்தாமல், "உள்ள போங்க, உள்ள காலியாத்தான் கெடக்கு" என்பார். உள்ளே காலியாக ஒரு சாண் இடம்கூடக் கிடக்காது. ஆனாலும் சனம் உள்ளே போகும். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். அவரிடம் ஏதோ மந்திரம் இருக்கிறது என்று உறுதியாக நம்பினேன்.

எங்கள் ஊர் கம்பத்துக்குச் சற்றுக் கீழே. இங்கே கால்பந்து மலையிலிருந்து இறங்கி வந்தது. ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஜீப்பில் ஆள் ஏற்றிப் போகும் பையன்கள் கேரளத்தில் அதைப் பார்த்துப் பழகிக்கொண்டு வந்து, வற்றிய கண்மாய்க்குள் ஆட ஆரம்பித்தார்கள். கோடை விடுமுறையில் சுற்று வட்டாரத்து ஊர்களை அழைத்துப் போட்டியும் வைத்தார்கள். ஜெயிக்கிற அணிக்கு ஒரு கோப்பை, ஒரு கிடாய். கோல் கம்பத்துக்குப் பின்னால் கட்டியது திராட்சைத் தோட்டத்தில் பறவை இறங்காமல் இருக்கப் போடுகிற வலை. எல்லாம் அமைந்தது, நடுவர் மட்டும் அமையவில்லை. முதல் வருடம் வந்தவர், இடைவேளையில் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பவே இல்லை. அடுத்த வருடம் வந்தவரைக் கண்மாய்க் கரைவரைக்கும் துரத்தினார்கள். மூன்றாம் வருடம் பையன்கள் எல்லாரும் சித்தப்பாவிடம் வந்து நின்றார்கள். அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அவரிடம் ஏற்கெனவே விசில் இருந்தது.

தேனியில் தெரிந்த பி.டி. வாத்தியார் ஒருவரிடம் விதிகளைக் கேட்டுக்கொண்டு வந்தார் சித்தப்பா. ஆனால் கண்மாய்க்குள் அவரைக் காப்பாற்றியது அந்த விதிகள் அல்ல, பேருந்துதான். பந்து எங்கே இருந்தாலும் ஒரு விசில் ஊதினால் எல்லாரும் நின்றார்கள், இரண்டு ஊதினால் ஓடினார்கள். இப்படி ஒரு விதி உலகத்தில் வேறு எந்தக் கால்பந்திலும் கிடையாது. பிறந்தது முதல் அந்த விசிலுக்கு நின்று கிளம்பிய கால்கள் அவை, பாவம், அவற்றுக்கு வேறு என்ன தெரியும்.

கோபக்காரர்களைச் சமாளிக்கும் விதத்தைத்தான் நான் வாய் பிளந்து பார்ப்பேன். ஒருமுறை ஜீப் ஓட்டும் முரட்டுப் பையன் ஒருவன், நரம்பு புடைக்க, நெஞ்சோடு நெஞ்சு முட்டுகிற மாதிரி வந்து நின்றான். சித்தப்பா அவனை நிதானமாகப் பார்த்து, "சில்லறை இருக்கா?" என்று கேட்டார். அவன் பழக்கதோஷத்தில் கால்சட்டைப் பையைத் தடவினான். தடவி முடித்து நிமிர்ந்தபோது பாதிக் கோபம் போய்விட்டிருந்தது. மிச்சப் பாதிக்கு, காதருகில் போய், "நாளைக்குக் காலையில எந்த வண்டிக்கு வர்ற?" என்றார். அவ்வளவுதான். எவ்வளவு பெரிய சண்டியராக இருந்தாலும் மறுநாள் அதே பேருந்தில் ஏறித்தானே ஆகவேண்டும். கூட்டமாகச் சூழ்ந்துகொண்டால் அவர் பின்னாலேயே நடப்பார். நடந்துகொண்டே இருப்பார். வழியில் ஒவ்வொருவனாகச் சலித்துத் திரும்ப, கடைசியில் ஒருவன்தான் மிஞ்சுவான். அந்த ஒருவனிடம் மட்டும் பேசுவார். யாரும் யார் மேலும் கை வைத்ததில்லை. கை ஓங்குவதற்கு முன்னாலேயே இரண்டு பேருக்கும் நடுவில் சித்தப்பா நிற்பார். எப்போது வந்தார், எப்படி நுழைந்தார் என்று தெரியாது.

இப்படி இரண்டு மூன்று வருடம் ஓடியது. சித்தப்பா ஊதினால் சரியாக இருக்கும் என்று சின்னமனூர் வரைக்கும் பேச்சாகிவிட்டது. வீட்டில் அதைப் பற்றி யாராவது சொன்னால் சித்தப்பா வெட்கப்பட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த விசிலைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் வைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த வருடம்தான் அக்காவுக்கு மாப்பிள்ளை வந்தது. அக்கா கல்லூரி முடித்து, கம்பத்தில் ஏலக்காய் மண்டி ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைக்கு மயிலாடும்பாறைப் பக்கம் ஓர் ஊர். பார்த்துவிட்டுப் போனார்கள், பிடித்துவிட்டது. வளர்பிறையில் உறுதி செய்துகொள்ளலாம் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை மிக்சர்த் தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்படி ஓர் அடக்கம். உனக்குச் சம்மதமா என்று அக்காவிடம் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கேட்டிருந்தால் அவளும் சித்தப்பா மாதிரித் தலையை ஆட்டியிருப்பாள் என்றுதான் அப்போது நினைத்தேன். எனக்கு அந்தக் கல்யாணம் நடந்தே ஆகவேண்டும். பட்டுப் பாவாடை எடுத்துத் தருவதாகவும், கம்மல் மாற்றித் தருவதாகவும் அம்மா சொல்லியிருந்தாள்.

போட்டி தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, மாப்பிள்ளை அந்த ஊர் அணியின் கேப்டன். அதோடு விட்டதா விதி? அந்த அணி ஒவ்வோர் ஊராகத் தோற்கடித்துக்கொண்டு வந்து இறுதி ஆட்டத்தில் எங்கள் ஊரோடு மோத நின்றது. பெண் வீட்டு ஊர் ஒரு பக்கம், மாப்பிள்ளை ஊர் ஒரு பக்கம், நடுவில் விசிலோடு பெண்ணின் சித்தப்பா. இந்த ஓர் ஆட்டத்துக்கு மட்டும் வேறு ஆளை வைத்துக்கொள்ளச் சொல் என்று அப்பா எவ்வளவோ சொன்னார். சித்தப்பா, வாழ்க்கையில் முதல் முறையாக, அண்ணன் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னார். "நான்தான்ணே ஊதணும்." அப்பா அதிர்ந்துபோனார்.

அக்கா வரவில்லை. உறுதி செய்யப்போகிற பெண் கண்மாயில் போய் நின்று மாப்பிள்ளையைப் பார்த்தால் ஊர் என்ன பேசும். நானும் அத்தையும் போனோம். அத்தை என்றால் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் பிறந்தவள். கல்யாணமாகிப் போய், நான் பிறப்பதற்கு முன்பே திரும்பி வந்து எங்களோடு இருந்தாள். அவளுடைய இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. கிணற்றடியில் வழுக்கி விழுந்தது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அத்தைக்கு விளையாட்டில் ஆர்வம் உண்டென்று நான் அறிந்ததே இல்லை. அன்றைக்கு என்னவோ, எனக்கு முன்னால் சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

மலைக் கணவாயிலிருந்து காற்று இறங்கத் தொடங்கியிருந்த நாள். சுண்ணாம்புக் கோடு போட்ட கொஞ்ச நேரத்தில் பறந்துவிட்டது. கரையில் நாற்காலி போட்டு அப்பாவையும் மாப்பிள்ளையின் அப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். இரண்டு பேர் கையிலும் கலர் பாட்டில். எங்கள் ஊர்ப் பையன் பந்தைத் தொட்டால் அப்பா கையைத் தட்டப்போய், சம்பந்தி நினைவு வந்து, தொடையைத் தட்டிக்கொள்வார்.

ஆட்டம் முடியப்போகிற நேரம்வரை இரு பக்கமும் கோல் இல்லை. அப்போது எங்கள் ஊர் ஜீப் ஓட்டுநர் ஒருவன் பந்தோடு உள்ளே பாய்ந்தான். மாப்பிள்ளை குறுக்கே சறுக்கினார். புழுதி எழுந்து ஆளையே மறைத்தது. புழுதி அடங்கியபோது எங்கள் பையன் தரையில் கிடந்தான். ஒரு விசில் கேட்டது. சித்தப்பா பெனால்டி என்று கையைக் காட்டினார்.

ஊரே ஆர்ப்பரித்தது. நானும் குதித்தேன். குதித்து இறங்குவதற்குள் மாப்பிள்ளை ஊர்ப் பையன்கள் சித்தப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் வழக்கம்போலப் பின்னால் நடந்தார். அவர்கள் சலிக்கவில்லை, கூடவே வந்தார்கள். ஒருவனிடம் சில்லறை இருக்கிறதா என்று கேட்டார். அவன் நக்கலா பண்ணுகிறீர் என்று மேலும் எகிறினான். அவர்கள் ஆண்டிபட்டி வண்டியில் போகிறவர்கள். சித்தப்பாவின் பேருந்து அவர்கள் ஊருக்குப் போவதில்லை. மந்திரம் பலிக்காததை நான் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன்.

மாப்பிள்ளை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். மிக்சர்த் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதரா இவர் என்று இருந்தது. பந்தைத்தான் தொட்டேன், ஆளைத் தொடவே இல்லை என்று காற்றையும் மீறிக் கத்தினார். கழுத்து வரைக்கும் சிவந்திருந்தது. சித்தப்பா பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்துக் காட்டினார். கரையில் மாப்பிள்ளையின் அப்பா கலர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டார். போச்சு, என் பட்டுப் பாவாடை போச்சு.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கீழே கிடந்த எங்கள் ஜீப் பையன் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டே, "மாமனார் ஊருல மால மரியாத எதிர்பாத்தாரு போல. பொண்ணயும் கோலயும் சேத்துக் குடுக்க முடியுமா?" என்று சிரித்தான்.

மாப்பிள்ளை திரும்பினார். வலது கை மேலே போயிற்று.

அந்த இடத்தில், எத்தனையோ முறை நான் பார்த்தபடி, சித்தப்பா நடுவில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் நின்றார். விசிலைக் கைக்குள் பொத்திக்கொண்டு, அசையாமல், ஓங்கிய அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற பையன்களும் சம்பந்தக்காரர் விவகாரம் என்று தயங்கி நின்றுவிட்டார்கள். யாரும் பிடிக்கவில்லை. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் என் வளையல் சதைக்குள் இறங்கியது. வலிக்கிறது அத்தை என்று சொன்னேன். அவளுக்குக் கேட்கவில்லை.

கை மேலேயே நின்றது. ஒரு மூச்சு நேரம் இருக்கும். பிறகு கீழே இறங்கியது. மாப்பிள்ளை ஓரத்திலிருந்த தண்ணீர்க் குடத்துக்குப் போனார். இரண்டு செம்பு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார். சொட்டச் சொட்டத் திரும்பி வந்து சித்தப்பாவுக்கு முன்னால் நின்றார்.

"நீங்க ஊதுனது தப்பு மாமா," என்றார். "ஊதிட்டீக. ஆடுவோம்."

தன் பையன்கள் ஒவ்வொருவனையும் தோளைத் தொட்டு அழைத்துப்போனதும் அவர்தான். அத்தை அப்போதுதான் என் கையை விட்டாள். சித்தப்பா இரண்டு விசில் ஊதினார். எங்கள் ஊர் கோல் போட்டது, அதோடு ஜெயித்தது.

பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்ல முடியாது. சொந்த ஊருக்கு ஊதிய ரெஃப்ரி என்று மாப்பிள்ளை ஊர்ச் சனம் சித்தப்பாவின் முகத்துக்கு நேராகவே சொன்னது. மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அப்பாவிடம் சொல்லிக்கொள்ளாமல் வண்டி ஏறினார். ஜெயித்த கிடாய் கோல் கம்பத்தில் கட்டியிருந்தது. அது மட்டும்தான் யார் மேலும் வருத்தமில்லாமல் வலையைத் தின்றுகொண்டிருந்தது.

வீட்டில் அப்பா குதித்தார். எத்தனை நாள் அலைந்து பேசி முடித்த சம்பந்தம், ஒரு விசிலால் ஊதிக் கெடுத்துவிட்டாயே என்றார். கண் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று விட்டுத் தொலைக்கக் கூடாதா என்றார். அம்மா முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். சித்தப்பா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். அத்தை அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். அங்கே அக்கா துவைத்த துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். சித்தப்பா அழப்போகிறார் என்று நினைத்து நான் பின்னாலேயே போனேன்.

அவர் அழவில்லை. "கை மேல போச்சு தாயி," என்றார். "பொய் சொல்ல மாட்டேன், போச்சு. யாரும் புடிக்கல, நானும் போகல. தானா எறங்குச்சு."

அக்கா துணியை உதறுவதை நிறுத்தினாள். இறங்கிய பிறகு என்ன செய்தார் என்று கேட்டாள். தண்ணீர் ஊற்றிக்கொண்ட கதையைச் சித்தப்பா சொன்னார். அவளுக்குப் போதவில்லை போல. இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னார். பிறகு, போகலாமா சித்தப்பா என்று கேட்டாள். எங்கே போகப் போகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. சித்தப்பா கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து, கோழிகூடத் திரும்பிப் பார்க்காத அளவுக்கு மெல்ல, இரண்டு தரம் ஊதினார். அக்கா ஈரத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கல்யாணம் நின்றுபோன துக்கத்தில் அழுகிறாள் என்று நினைத்து நானும் கூடச் சேர்ந்து அழுதேன்.

கல்யாணம் நிற்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து மாப்பிள்ளையின் அம்மா பூவோடு வந்தாள். ஆட்டத்தில் தோற்றதற்குப் பெண்ணை விட்டுவிட்டு வரச் சொல்கிறீர்களா என்று மகன் தகப்பனிடம் கேட்டுவிட்டானாம். எனக்குப் பட்டுப் பாவாடை கிடைத்தது. சித்தப்பா மட்டும் அதன் பிறகு கண்மாய்ப் பக்கம் போகவில்லை. அடுத்த வருடம் பையன்கள் வந்து கேட்டபோது முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பிவிட்டார். தப்பாக ஊதிய அவமானம், பாவம், என்று நானும் நினைத்துக்கொண்டேன். பணியிலிருந்து ஓய்வு பெறும்வரை பேருந்தில் மட்டும் ஊதினார். பிறகு விசில் ஆணிக்குப் போயிற்று.

அந்த மாப்பிள்ளை இப்போது எனக்கு அத்தான். தீபாவளிக்கு வந்தால் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கூடத்தில் உருட்டி, நான் இங்கன நின்றேன், பந்து அங்கன இருந்தது என்று சறுக்கிக் காட்டுவார். சித்தப்பா அதிரசத்திலிருந்து தலையை நிமிர்த்த மாட்டார். அக்கா சிரிப்பாள். ஒரு தரம்கூட அவர்கள் வீட்டிலிருந்து அக்கா கண் கலங்கி வந்ததில்லை.

இந்தத் தை மாதம் எனக்கு ஒரு வரன் வந்தது. அப்பா அடுக்கிக்கொண்டே போனார். கோயம்புத்தூரில் வேலை, சொந்த வீடு, ஊரில் தென்னந்தோப்பு. எல்லாம் கேட்டு முடித்த சித்தப்பா மூலையிலிருந்து, "மாப்பிள்ளை ஏதாச்சும் வெளையாடுவாகளா?" என்றார்.

வீடே சிரித்தது. இவனுக்கு இன்னும் அந்தக் கிறுக்குத் தெளியவில்லை என்றார் அப்பா. வந்திருந்த அக்கா சிரிக்கவில்லை. அத்தையும் சிரிக்கவில்லை. மடங்காத விரல்களை மற்றக் கையால் மூடிக்கொண்டு அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் சித்தப்பாவைத் தனியாகப் பிடித்துக்கொண்டேன். இந்த முறை அவர் தலையை ஆட்டித் தப்பிக்கவில்லை. அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்தபோது விசாரித்து வர அவரைத்தான் அனுப்பினார்களாம். கிணற்றைப் பார்த்தார், தோப்பைப் பார்த்தார், ஓட்டு வீட்டைப் பார்த்தார், தங்கமான இடம் என்று வந்து சொன்னார். கோபம் வந்தால் அந்த மனிதன் கை என்ன செய்யும் என்று பார்த்து வர அவருக்கும் தோன்றவில்லை, வேறு யாருக்கும் தோன்றவில்லை. அத்தையின் விரல்கள் மடங்காமல் போனதைப் பார்த்து வளர்ந்த அக்கா, தனக்கு வரன் வந்தபோது அந்த ஒன்றைத்தான் சித்தப்பாவிடம் கேட்டிருக்கிறாள். நிலம், வீடு எதுவும் வேண்டாம், கோபம் வந்தால் எப்படி என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள் என்று.

அப்படியென்றால் அந்தப் பெனால்டி வேண்டுமென்றே ஊதியதா என்று கேட்டேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. புழுதியில் தெரியவில்லை, ஆளைத் தட்டியதாகத்தான் பட்டது, ஊதினேன் என்றார். ஊதிய கையோடு நம் பையன் முகத்தில் திருட்டுச் சிரிப்பைப் பார்த்ததும் தப்பு என்று தெரிந்துபோயிற்றாம்.

"மாத்தியிருக்கலாம்ல சித்தப்பா?"

"மாத்தியிருக்கலாம். அதுக்குள்ள அவருக்குக் கோவம் வந்திருச்சுல்ல?" என்றார். பிறகு, "மாத்தியிருந்தா உங்க அக்காளுக்கு நான் என்னன்னு பதில் சொல்றது?" என்றார். "ஆனா அன்னைக்கு அவுக ஊருப் பயலுக ஏமாந்துதான் போனாக. அப்புறம் அந்த விசில எடுத்துட்டு எந்த மொகத்தோட அங்கன போறது?"

முழங்காலில் வலியே இருந்ததில்லை. கிணற்றடியில் யாரும் வழுக்கி விழவில்லை. இத்தனையும் என் கண் முன்னால் நடந்திருக்கிறது. அத்தையின் பிடியில் என் மணிக்கட்டு கன்றிப்போயிருந்தது. அப்போதும் நான் எங்கள் ஊர் ஜெயித்ததையும் பட்டுப் பாவாடையையும் மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோயம்புத்தூர் மாப்பிள்ளை வாலிபால் ஆடுவாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊரில் ஒரு போட்டி இருக்கிறது. நேற்றிலிருந்து ஆணியில் விசிலைக் காணோம். சித்தப்பா அதைப் பின்கட்டில் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறார். அத்தையும் சேலை எடுத்து வைத்துவிட்டாள். நான் வரக்கூடாதாம், ஊர் என்ன பேசும் என்கிறாள். அங்கே போய் யார் கையைப் பிடித்துக்கொள்வாளோ தெரியவில்லை.